மூன்று மணிப் பேருந்தும் எட்டு மணிப் பேருந்தும்

1980களின் தொடக்கத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் சேவல் கூவுவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் பேருந்தின் ஹாரன் கேட்டுவிடும். அதிகாலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றும். ஏறுகிறவர்களில் பாதிக்கு மேல் சின்னஞ்சிறுசுகள்; அவர்களிலும் பெண் பிள்ளைகளே அதிகம். எண்ணெய் காணாத தலை, கையில் கஞ்சித் தூக்குவாளி, கண்ணில் கலையாத தூக்கம். ‘ஆபீஸ்’ என்று அவர்கள் சொன்ன ஆலையின் வாசலில் இறங்கும்வரை ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவார்கள். திரும்பி வீடு சேரும்போது மறுபடியும் இருட்டியிருக்கும். வாரத்தில் ஆறு நாள் சூரியனை வேலைக்கூடத்துச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்த பிள்ளைகள் அவர்கள். 1983இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை, சிவகாசி வட்டாரத்தில் இப்படி உழைத்த பிள்ளைகள் 45,000 பேர் என்று மதிப்பிட்டது.

இன்று அதே ஊர்களின் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் வேறு கூட்டம். சீருடையும் ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னலுமாகப் பள்ளிப் பிள்ளைகள்; கழுத்தில் அடையாள அட்டை தொங்கக் கல்லூரிப் பெண்கள். டவுன் பஸ் படிக்கட்டு வரை நிரம்பி நகர்கிறது. அவர்களின் அம்மாக்களும் பாட்டிகளும் அரை மணி நேரத்துக்கு முன்பே பட்டாசு ஆலை வேனில் போயிருப்பார்கள். பல வீடுகளில் இன்றும் அடுப்பு எரிவது அந்தக் கூலியில்தான். ஆனால் வேனில் ஏறுவது தாய், பேருந்தில் ஏறுவது மகள் என்று வழி பிரிந்துவிட்டது.

இந்த இரண்டு பேருந்துகளுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அந்த மாற்றத்துக்குச் சட்டம் காரணம், அரசுத் திட்டங்கள் காரணம், இயந்திரங்கள் காரணம் என்று பலவும் சொல்கிறோம். எல்லாமே உண்மை. எனக்குச் சொல்ல இருப்பது பிள்ளைகளைப் பற்றி. இன்று வறுமையோடு மல்லுக்கட்டிப் படித்து முன்னேறும் பிள்ளைகளைப் பார்த்து வியக்கிறோம். அதே துணிவும் விடாமுயற்சியும் அன்றைய பிள்ளைகளிடமும் கொஞ்சமும் குறையாமல் இருந்தன. அன்று அதை இரண்டு வேளைச் சோற்றுக்கே செலவழிக்க வைத்தோம். இன்று அதில் ஒரு பகுதியைப் படிப்புக்குச் செலவழிக்க வழி பிறந்திருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் இன்றைய பிள்ளைகளுக்கு நாம் இன்னும் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

கரிசலில் முளைத்த தொழில்

சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். மழையை மட்டும் நம்பிய கரிசல் காடு. பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தால் உண்டு. அப்படிப்பட்ட மண்ணில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வேரூன்றின. குறைந்த மழையும் வறண்ட காற்றும் பயிருக்குத் தீங்கு, தீக்குச்சி உலர்வதற்கு நல்லது. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று தொழில் பரவியது. சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயரும் வந்தது.

கைத்தொழிலாக நடந்த தீப்பெட்டியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கைகள் தேவைப்பட்டன. அடிப்பெட்டி ஒட்ட, மேல்பெட்டி ஒட்ட, கட்டை அடுக்க, மருந்து முக்க, குச்சியைப் பெட்டியில் அடைக்க, லேபிள் ஒட்ட, டஜன் கட்ட, பண்டல் போட. கூலி எல்லாமே எண்ணிக்கைக் கணக்கு. பெட்டி ஒட்டினால் குரோஸ் கணக்கு, அடுக்கினால் கட்டைக் கணக்கு. நாள் கூலி என்றிருந்தால் சிறு பிள்ளையை வேலைக்கு எடுக்க முதலாளி யோசித்திருப்பார். எண்ணிக்கைக் கூலியில் அந்த யோசனைக்கே இடமில்லை. பிள்ளை எவ்வளவு செய்கிறதோ அவ்வளவுதான் காசு. மழை பொய்த்த ஆண்டில் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து முன்பணம் கொடுப்பார். அது கழியும்வரை பிள்ளையின் பெயர் ஆபீஸ் நோட்டில் இருக்கும்.

கட்டை அடுக்கிய விரல்கள்

கட்டை அடுக்குவது என்ன வேலை என்று இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய மரச் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் வரிசையாகச் சன்னமான பள்ளங்கள், ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. ஒரு வரிசை நிரம்பியதும் அடுத்த சட்டத்தை அதன் மேல் போட்டு மறுபடி நிரப்ப வேண்டும். எல்லா வரிசையும் முடிந்ததும் சட்டங்களை இறுக்கிப் பூட்டினால், ஆயிரக்கணக்கான குச்சிகளின் நுனிகள் ஒரே மட்டத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியைத்தான் முதலில் மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்குவார்கள். ஒரு குச்சி வளைந்திருந்தாலும் இரண்டு குச்சி ஒரே பள்ளத்தில் விழுந்தாலும் கட்டை கெட்டது. அதற்குக் கூலியில் பிடிப்பு உண்டு.

கை பழகிய பிள்ளைகள் குச்சிகளைக் குனிந்து பார்க்க மாட்டார்கள். இடது கை ஒரு பிடி குச்சியைச் சட்டத்தின் மேல் பரப்பும். வலது கை தட்டி அசைக்கும். விரல் நுனிகள் பள்ளத்தைத் தேடி ஒவ்வொன்றாக இறக்கும். அப்படிப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். கால் மடக்கிய நிலையிலேயே முதுகு பிடித்துக்கொள்ளும். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து வாடை நெஞ்சை அடைக்கும். பக்கத்துக் கொட்டகையில் ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் மறுநாள் மூன்று மணிக்கு எழுந்தார்கள். அடுப்பு எரிய வேண்டும், தம்பிக்குச் சட்டை வேண்டும், அப்பா வாங்கிய முன்பணம் கழிய வேண்டும் என்ற கணக்கு பத்து வயதிலேயே அவர்களுக்கு அத்துப்படி.

அதை நாம் துணிவு என்று சொன்னதில்லை, விடாமுயற்சி என்று விருது கொடுத்ததில்லை. சிறுபிள்ளைக் கை சின்னது, அதனால் குச்சி சீக்கிரம் அடுக்கும் என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துச் சொன்னோம். அப்படிச் சொன்னவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையின் சின்னக் கையில் பென்சில் கொடுத்தார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. “தம்பி படிக்கட்டும், நீ ஆபீசுக்குப் போ தாயி” என்பது அந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு கேட்ட பேச்சு. அக்கா அடுக்கிய கட்டையில் தம்பி படித்தான். அவன் பத்தாம் வகுப்பு தேறியபோது இனிப்பு வாங்கியதும் அவள் காசில்தான். ஒன்பது, பத்து வயதில் பள்ளியை விட்டவள் கல்யாணம்வரை ஆபீசுக்குப் போனாள். கல்யாணத்துக்கான சங்கிலியையும் தானே சம்பாதித்தாள். 1990இல் சலம் பென்னூர்க்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் இந்த வாழ்க்கையை உலகத்துக்குக் காட்டியது.

சட்டம் நடந்த தூரம்

காமராசர் பிறந்த மண் இது. படிப்பைப் பாதியில் விட்டு மாமாவின் துணிக்கடைக்குப் போன அவர், முதலமைச்சராகி ஊருக்கு ஊர் பள்ளியும் மதிய உணவும் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். சோறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தது உண்மைதான். ஆனால் வீட்டுக் கடனை அந்தச் சோறு அடைக்கவில்லை. அதனால் காமராசரின் சொந்த மாவட்டத்திலேயே ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சத்துணவு மணியை விட ஹாரன் சத்தம்தான் முதலில் கேட்டது.

சட்டமும் மெல்லத்தான் நடந்தது. 14 வயதுக்குக் குறைந்தவர்களை ஆலைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 1976இல் தீப்பெட்டித் தொழிலுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஒரு வண்டி விபத்துக்குள்ளாகிப் பல பிள்ளைகள் இறந்த பிறகுதான் நாட்டின் பார்வை சிவகாசி பக்கம் திரும்பியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்காற்றுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பைப் பிள்ளைகளுக்குத் தடை செய்யப்பட்ட தொழில்களில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது. அந்த ஓட்டை வழியாக வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. பசைக் கிண்ணமும் அட்டையும் வீட்டுக்கே வர, பெட்டி ஒட்டும் வேலை அடுப்படி வரை புகுந்தது.

வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பு நடக்கும் இடத்திலிருந்து விலகிய இடத்தில் பெட்டி அடைக்கும் வேலைக்குப் பிள்ளைகளை வைக்கலாம் என்றது. அவர்களுக்குப் பெரியவர்களின் கூலியில் 60 சதவீதம் தர வேண்டும், 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே அன்று எட்டிய எல்லை அவ்வளவுதான். ஆறே ஆண்டுகளில் நிலை மாறியது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பிள்ளையின் இடத்தில் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும். தர முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் சேர்த்து, அந்தத் தொகையின் வருமானத்தைப் பிள்ளையின் படிப்புக்குத் தர வேண்டும். பிள்ளையை வேலையிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது, அந்த வீட்டின் அடுப்பையும் யோசிக்க வேண்டும் என்று நீதிமன்றம் புரிந்துகொண்ட இடம் அது.

இதற்கு நடுவே 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது, அதன் முதல் களங்களில் ஒன்று சிவகாசி. ஆபீசிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள், மதிய உணவு, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை. பன்னிரண்டு வயதில் ‘அ’ எழுதத் தொடங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. தன்னில் பாதி வயதுப் பிள்ளை சரளமாகப் படிக்கும்போது எழுத்துக் கூட்டிப் படிக்கும் கூச்சத்தைத் தாங்க வேண்டும். கட்டையில் வேகமாக ஓடிய விரல் சிலேட்டில் தடுமாறும். அந்தக் கூச்சத்தைக் கடந்தவர்கள் பொதுப்பள்ளிக்குப் போனார்கள். அவர்களில் சிலர் கல்லூரி வரையும் போனார்கள்.

பள்ளி வயதைத் தாண்டிவிட்ட பெண்களுக்கு 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தது. நாள் முழுக்க அடுக்கிய பிறகு, சாப்பிட்ட கையோடு விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பெயர் எழுதக் கற்றார்கள் அந்த இளம்பெண்கள். கூலி நோட்டில் தன் பெயருக்கு நேரே என்ன தொகை எழுதியிருக்கிறது என்று தானே படித்துப் பார்த்த பெண்ணை அடுத்த நாள் ஏமாற்றுவது கடினமாயிற்று.

கணக்கில் வராதவர்கள்

சிவகாசி அடங்கிய விருதுநகர் மாவட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் ஆண்டாண்டாக மாநிலத்தின் முன்வரிசையில் நிற்கும் மாவட்டம் இது. 2017, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் 97 சதவீதத்துக்கு மேல் தேர்ச்சி பெற்று முதலிடம் பிடித்தது. அந்தப் பெருமை இன்று நேற்று வந்ததில்லை. பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே இந்த மாவட்டம் தேர்ச்சியில் பெயர் வாங்கியது.

இது எப்படி என்று யோசித்தால் மனம் கனக்கும். தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களின் கணக்கு. மூன்றாம் வகுப்போடு நின்று கட்டை அடுக்கப் போனவள் தோற்றவர் பட்டியலில்கூட இல்லை. மாவட்டம் முதலிடம் என்று செய்தித்தாள் அச்சிட்ட காலையிலும் அவள் மூன்று மணிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். அன்றும் முன்வரிசை, இன்றும் முன்வரிசை. ஆனால் இன்றைய எண்ணுக்குள் அவளுடைய மகள் இருக்கிறாள். உண்மையான முன்னேற்றம் அதுதான்.

மாநிலம் முழுக்கவும் அந்த நகர்வைக் காணலாம். 5 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைத் தொழிலாளர் தமிழ்நாட்டில் 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 9.75 லட்சம் பேர். 2001இல் அது 4.19 லட்சமாகக் குறைந்தது. 2011இல் இன்னும் குறைந்தது. உயர்கல்விக்குப் போகிறவர்களின் விகிதம் 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்தியச் சராசரி 28.4. தமிழ்நாட்டில் அந்த விகிதத்தில் பெண்கள் ஆண்களுக்குச் சற்று முன்னாலேயே நிற்கிறார்கள்.

அம்மாக்கள் எடுத்த முடிவு

இந்த மாற்றத்துக்குக் காரணம் தேடும்போது மிகக் குறைவாகப் பேசப்படுகிறவர்கள் அந்த மூன்று மணிப் பேருந்துப் பிள்ளைகளே. அவர்கள் வளர்ந்து தாயானபோது ஒரு முடிவு எடுத்தார்கள். தங்கள் மகள் கட்டை அடுக்கக்கூடாது. மேடை போட்டு எடுத்த முடிவு இல்லை அது. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக, மாமியாரோடும் கணவனோடும் வாதாடி எடுத்தது. “பொட்டப்புள்ள படிச்சு என்ன ஆகப் போகுது” என்ற பேச்சுக்கு அவர்கள் தங்கள் விரலைக் காட்டிப் பதில் சொன்னார்கள். பிள்ளை கொண்டுவரக்கூடிய கூலியை ஒரு வீடு விட்டுக்கொடுக்கிறது என்றால், அந்தக் கூலியைத் தாய் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகிறாள் என்று பொருள். இரண்டு குரோஸ் கூடுதலாக ஒட்டினாள், இரவு கூடுதலாக விழித்தாள். பிள்ளைகள் ஐந்து, ஆறு என்றிருந்த வீடு இரண்டோடு நின்றது.

அந்த முடிவுக்குத் தோள் கொடுத்தவை பல. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பேருந்துப் பயணம் வந்தது. இலவச சைக்கிள் திட்டம் முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு வந்து பிறகு எல்லோருக்கும் விரிந்தது. மேல்நிலைப் பள்ளி ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருந்த கிராமங்களில் பத்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு அந்தச் சைக்கிளில் ஏறிப் பன்னிரண்டு வரை போயிற்று. தீப்பெட்டி ஆலைகளுக்கு இயந்திரம் வந்து கட்டை அடுக்கும் வேலையே பெரும்பாலும் ஒழிந்தது. 2009இல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எல்லாத் தொழில்களிலும் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. தொகை சிறியதுதான். ஆனால் படிக்கிற பெண் வீட்டுக்குப் பாரம் என்ற பேச்சை வாயடைக்க அது போதும்.

இன்றைய துணிவு

இன்றைய பிள்ளைகளுக்குக் கஷ்டம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. மூன்று மணிக்கு எழுப்ப ஹாரன் இல்லை, அவ்வளவுதான். வெம்பக்கோட்டைப் பக்கம் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். ஐந்து மணிக்கு எழுந்து குழாயடியில் குடம் வைக்கிறாள். அம்மா ஏழரை மணி வேனுக்குப் போக வேண்டும் என்பதால் சோறு வடிப்பது அவள் பொறுப்பு. தம்பியைக் கிளப்பி, எட்டு மணிப் பேருந்தைப் பிடித்து, மாலைச் சிறப்பு வகுப்பு முடித்து ஏழு மணிக்கு வீடு வருகிறாள். மகளிர் குழுக் கடனுக்கும் மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கும் வாரத் தவணை நாள் எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அந்தச் சூழ்நிலையில்தான் அவள் வேதியியல் படிக்கிறாள்.

இதற்கு மேல் பயம் ஒன்று இருக்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் விபத்து, 20க்கும் மேற்பட்ட உயிர்கள். அவை பெரிய விபத்துகள். செய்தியில் இரண்டு பத்தியோடு முடியும் சிறிய விபத்துகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. எங்கோ வெடிச் சத்தம் கேட்டால், வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகள் எந்தத் திசை என்று காதைத் தீட்டிக் கேட்பார்கள். அந்தத் திசையில் அம்மா வேலை பார்க்கிறாளா என்று மனதுக்குள் கணக்குப் போடுவார்கள். பிறகு கரும்பலகையைப் பார்ப்பார்கள். விபத்தில் தாயையோ தந்தையையோ இழந்து, அந்தத் துக்கத்தோடே தேர்வு எழுதித் தேறிய பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகரில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு அது. கடைசிப் பிள்ளை வரைக்கும் அது போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய வேலை.

கொரோனா காலம் எல்லாவற்றையும் சோதித்தது. ஒன்பதாம் வகுப்பு முதலான மேல் வகுப்புகள் 2021 செப்டம்பரிலும், சிறு வகுப்புகள் நவம்பரிலும் முறையாகத் திறக்கும்வரை பள்ளிகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. வருமானம் நின்ற வீடுகளில் பிள்ளைகள் மறுபடி வேலைக்குப் போனார்கள். நாற்பது ஆண்டு நகர்வு பின்னுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. அந்த நேரத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்குப் பிளஸ் டூ முடித்தவர்களும் பட்டதாரிகளும் தன்னார்வலர்களாகத் தேவைப்பட்டார்கள். மாநிலம் முழுக்கச் சுமார் 2 லட்சம் பேர் முன்வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். 1980களில் அதே கரிசல் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தியைக் காண்பது அரிது. இன்று ஊருக்கு ஊர் அப்படிப்பட்ட இளம்பெண்கள் இருக்கிறார்கள். மாலையில் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து விட்டுப்போன எழுத்தை மீட்டுக் கொடுத்தார்கள். தனக்குக் கிடைத்த படிப்பை ஊருக்கே திருப்பிக் கொடுத்த தலைமுறை அது. அவர்களின் அம்மாக்களுக்கும் அதே மனம் இருந்தது. கொடுப்பதற்கு எழுத்துதான் இல்லாமல் போயிற்று.

விட்டுப்போகும் பையன்கள்

இன்னொரு மாற்றம் கவலை தருவது. அன்று வீட்டில் படிக்க வைத்தது பையனை, வேலைக்கு அனுப்பியது பெண்ணை. இன்று படிப்பை விட்டுப் போகிறவன் பெரும்பாலும் பையன். 2023 பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் மாணவியர் 96.38 சதவீதமும் மாணவர்கள் 91.45 சதவீதமும் தேர்ச்சி பெற்றார்கள். தேர்வு எழுத வராதவர்களைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிது. பதினைந்து, பதினாறு வயதில் பேக்கரிக்கும் பரோட்டாக் கடைக்கும் லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் போகிறான். கையில் முதல் சம்பளம் வந்ததும் செல்போன் வருகிறது. பள்ளிக்குத் திரும்பும் வழி அடைபடுகிறது. வீட்டுக்கு உதவ வேண்டும் என்ற பொறுப்பில்தான் அவர்களில் பலரும் போகிறார்கள். கட்டை அடுக்கப் போன அக்காவின் பொறுப்பும் இதுவே. அப்பா குடித்தாலோ படுத்தாலோ வீட்டைத் தூக்கிப் பிடிக்கும் துணிவு அந்தப் பையனிடம் இருக்கிறது. அதைப் பதினைந்து வயதில் செலவழிக்க வைக்கிறோமே என்பதுதான் வருத்தம்.

கல்லூரி விடுமுறையில் கட்டணத்துக்காகப் பட்டாசு ஆலைக்குப் போகும் மாணவ மாணவியரும் உண்டு. கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதியும் தீபாவளிச் சரக்கு வேகமெடுக்கும் மாதங்களும் ஒன்றாக வருகின்றன. உதவித்தொகை மூன்று மாதம் தாமதமானால், ஒரு பிள்ளை மருந்துக் கலவைக்குப் பக்கத்தில் போய் உட்காரும் நிலை வரலாம். கோப்பு நகரும் வேகத்துக்கும் ஓர் உயிருக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம்.

நம் பங்கு

வறுமையில் படித்துத் தேறிய பிள்ளையைப் பாராட்டும்போது, பிள்ளைக்கு மனவுறுதி இருந்தால் எதையும் ஜெயிக்கலாம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பேச்சு, கட்டை அடுக்கிய 45,000 பிள்ளைகளுக்கு மனவுறுதி போதவில்லை என்று சொல்வதற்குச் சமம். பன்னிரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தவளுக்கு இல்லாத உறுதியா? அவளுக்கு வாய்க்காதவை பள்ளிக்கூடமும் சைக்கிளும், வீட்டுக் கடனை வேறு யாராவது ஏற்றிருக்கும் வாய்ப்பும். இவையெல்லாம் பெரியவர்கள் கொடுக்க வேண்டியவை. கொடுத்த இடத்தில் பிள்ளைகள் ஏறி நின்று காட்டிவிட்டார்கள் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மே மாதமும் தேர்வு முடிவு வரும்போது நம் மாவட்டம் எத்தனையாவது இடம் என்று எல்லோரும் ஆவலாகப் பார்க்கிறோம். பார்ப்போம், அந்தப் பெருமை பிள்ளைகளுக்கு உரியது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இன்னொரு பட்டியலையும் அதே ஆவலோடு பார்க்க வேண்டும். போன ஆண்டு வகுப்பில் இருந்து இந்த ஆண்டு வராதவர்களின் பட்டியல். பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊராட்சியும் ஊர்ப் பெரியவர்களும் முன்னாள் மாணவர்களும் அந்தப் பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், என்ன தடை என்று கேட்க வேண்டும். கடனா, நோயா, குடியா, கல்யாணப் பேச்சா என்று தெரிந்தால் அதற்கு ஒரு வழி தேடலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அதிகாலை மூன்று மணிக்கு ஒவ்வொரு வாசலுக்கும் தவறாமல் ஆள் வந்து பிள்ளையைக் கூப்பிட்டது. பள்ளிக்குக் கூப்பிடவும் அதே தவறாமையோடு ஆள் போக வேண்டும்.